முதல் செயலாராய்ச்சி செய்யப்போகும் ஆசிரியருக்கு: நோட்டுப் புரட்டுவதிலிருந்து அறிக்கை கொடுப்பது வரை

டயட்டிலிருந்து (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) செயலாராய்ச்சி செய்யச் சொல்லிச் செயல்முறைகள், அதாவது அலுவலக உத்தரவு, வந்து அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? அல்லது யாரும் சொல்லாமலே, வகுப்பில் ஒரு விஷயம் பிள்ளைகளுக்கு ஏன் பிடிபடவே மாட்டேன் என்கிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி இருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். செயலாராய்ச்சி என்றால் நம் வகுப்பில் இருக்கும் ஒரு சிக்கலுக்கு நாமே ஒரு மாற்றம் செய்து பார்த்து, அதனால் பலன் வந்ததா என்று அளந்து பார்ப்பது. நான் முதல் செயலாராய்ச்சியை எடுத்தபோது யாரைக் கேட்டாலும் பழைய அறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்து "இதே மாதிரி எழுதிடுங்க டீச்சர்" என்றார்கள். எழுதுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் வகுப்பறையில் என்ன செய்வது, எந்த மாதத்தில் செய்வது, எந்தத் தாளைப் பத்திரமாக வைப்பது என்று சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை, அதனால் ஒவ்வொன்றையும் தட்டித் தடவித்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அதனால் எடுத்துக்காட்டு எல்லாம் நான்காம் வகுப்புக் கழித்தல் கணக்கிலிருந்து வரும். நீங்கள் எட்டாம் வகுப்பு அறிவியல் எடுத்தாலும் ஆசிரியர் பயிற்சியில் படித்துக்கொண்டிருந்தாலும் படிகள் ஒன்றுதான்.

1. தலைப்பைத் தேடாதீர்கள், நோட்டைப் புரட்டுங்கள்

பெரும்பாலானவர்கள் தலைப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். இணையத்தில் தேடினால் நூறு தலைப்பு கிடைக்கும். "மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்", "செயல்வழிக் கற்றலின் மூலம் அடைவை உயர்த்துதல்" என்று அழகாக இருக்கும். ஆனால் அது உங்கள் பிள்ளைகளைப் பற்றியதாக இருக்காது, ஆறு மாதம் கழித்து என்ன அளந்தோம் என்று உங்களுக்கே சொல்லத் தெரியாது.

ஜூலை மாதத்தில் இரண்டு வாரம் எந்த ஆராய்ச்சியும் செய்யாதீர்கள். திருத்துகிற நோட்டுகளில் ஒரே மாதிரித் தவறு எங்கெல்லாம் வருகிறது என்று மட்டும் பாருங்கள். தப்பு என்று சுழித்துவிட்டுப் போகாமல், அந்தப் பிள்ளை எழுதிய விடையை அப்படியே ஒரு தனி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 52−28 = 36 என்று எழுதியிருக்கிறாளா, அதை அப்படியே எழுதுங்கள். அப்புறம் அவளைக் கூப்பிட்டு "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேளுங்கள். "எட்டிலிருந்து ரெண்டு போனா ஆறு, அஞ்சிலிருந்து ரெண்டு போனா மூணு" என்பாள். பாருங்கள், அவளுக்குக் கழிக்கத் தெரியாமல் இல்லை. எது மேலே எது கீழே என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதை எடுக்கிறாள், அதையும் ஒழுங்காகச் செய்கிறாள். ஒரு மாதம் முழுக்க அவளுக்குக் கூடுதல் கணக்குக் கொடுத்தாலும் இந்தத் தவறு போகாது, இன்னும் வேகமாக வரும்.

இப்படி ஒரு தவறு உங்கள் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளிடமாவது திரும்பத் திரும்ப வந்தால், அதுதான் உங்கள் ஆராய்ச்சி. தலைப்பு தானாக வரும்.

எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் ஏற்கெனவே நிலை பிரிந்திருப்பார்கள். எங்கே தொடங்குவது என்று பார்க்க அது உதவும். ஆனால் "அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்துவிட்டார்கள்" என்பதையே ஆராய்ச்சி முடிவாக வைக்காதீர்கள். ஒரு நிலையில் பல திறன்கள் கலந்திருக்கும், நீங்கள் செய்த மாற்றத்தால் எது மாறியது என்று அதில் தெரியாது.

2. கேள்வியைச் சுருக்கிக்கொண்டே போங்கள்

"கணிதத் திறனை மேம்படுத்துதல்" என்பது கேள்வியே இல்லை. "நான்காம் வகுப்பில் கழித்தல்" இன்னும் பெரிது. "இனமாற்றிக் (பத்தைக் கடன் வாங்கி) கழிக்கும்போது பத்தாம் இடத்திலிருந்து எடுத்ததை மறந்துவிடும் பிள்ளைகள், ஈர்க்குச்சிக் கட்டைப் பிரித்துச் செய்து பார்த்தால் அந்தத் தவறைக் குறைப்பார்களா?" என்பது சரியான அளவு. யார், எந்தத் தவறு, நான் என்ன மாற்றப்போகிறேன், எதை வைத்து மாற்றம் தெரியும் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் அது பின்னால் அறிக்கை எழுதும்போது உங்களை மாட்டிவிடும்.

இன்னொரு விஷயம். காரணம் உங்கள் கைக்குள் இருப்பதாக எடுங்கள். பெற்றோர் வேலைக்கு வெளியூர் போவதால் பிள்ளைகள் வருவதில்லை என்பது உண்மையான பிரச்சனைதான், வருத்தமான பிரச்சனையும்கூட, ஆனால் ஒரு பருவத்தில் நீங்கள் தனியாக மாற்றக்கூடியது அல்ல. செயலாராய்ச்சியில் ஆராயப்படுவது பிள்ளைகள் மட்டும் இல்லை, நீங்கள் பாடம் நடத்துகிற விதமும்தான். கேள்வியில் உங்கள் கற்பித்தல் இல்லையென்றால் கேள்வியை மாற்றுங்கள்.

3. நாள்காட்டியில் முதலில் கோடு போடுங்கள்

ஜூன் மாதம் சேர்க்கை, பாடநூல், நோட்டு, சீருடை வழங்கல், எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவு என்று போய்விடும், அதை விட்டுவிடுங்கள். ஜூலையில் நோட்டுப் பார்ப்பது. ஆகஸ்டில் முன்மொழிவு, அனுமதி, பெற்றோர் ஒப்புதல், தேர்வுத்தாள் தயாரிப்பது. முன்தேர்வை, அதாவது மாற்றத்தைத் தொடங்கும் முன் பிள்ளைகளின் நிலையை அறிய வைக்கும் தேர்வை, செப்டம்பர் பருவத்தேர்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் தேர்வுக்காக நடக்கும் திருப்புதலுக்குப் பிறகு வைத்தால் பிள்ளைகளின் இயல்பான நிலை தெரியாது. அக்டோபர் திறந்ததும் வகுப்பறை வேலை ஆரம்பம்.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். ஆறு வாரம் என்று கணக்குப் போடுவார்கள். அக்டோபர், நவம்பரில் தீபாவளி வரும், வடகிழக்குப் பருவமழையில் மாவட்ட ஆட்சியர் எந்த நாள் விடுமுறை விடுவார் என்று யாருக்கும் தெரியாது, நடுவில் உங்களையே ஏதாவது பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். ஆகவே ஆறு வாரம் வேண்டுமென்றால் எட்டு வாரம் ஒதுக்குங்கள். வாரக் கணக்கை விடப் பாடவேளைக் கணக்கு நல்லது: "20 பாடவேளை" என்று எழுதினால், மழைக்குப் போன நாள் உங்கள் ஆராய்ச்சியைக் கெடுக்காது.

மாற்றம் முடிந்ததும் வைக்கும் பின்தேர்வு டிசம்பர் தேர்வுக்கு முன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் இன்னொரு சின்னத் தேர்வு, அது ஏன் என்று கீழே சொல்கிறேன். பிப்ரவரியில் அறிக்கை. டயட் கேட்கும் கடைசித் தேதி மாவட்டத்துக்கு மாவட்டம், ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் போன வருடம் செய்தவர் சொல்லும் தேதியை நம்பாமல் உங்களுக்கு வந்த செயல்முறைகளை முழுக்கப் படியுங்கள். எத்தனை பக்கம், எத்தனை பிரதி, எந்த வடிவம் என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

4. கையெழுத்து வாங்க வேண்டிய தாள்கள்

முதலில் ஒன்றரைப் பக்கத்தில் முன்மொழிவு. பிரச்சனை, அதற்கு நோட்டிலிருந்து இரண்டு சான்று, கேள்வி, எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், என்ன செய்வீர்கள், எப்படி அளப்பீர்கள், கால அட்டவணை. இதைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக "செய்யுங்கம்மா" என்று சொன்னால் போதும் என்று இருந்துவிட வேண்டாம், நடுவில் தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனால் புதியவருக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும். டயட் வழியாகச் செய்கிறவர்களுக்கு வழிகாட்டியாக ஒரு விரிவுரையாளர் இருப்பார். அவரிடம் முன்தேர்வுக்கு முன்னாலேயே முன்மொழிவைக் காட்டிவிடுங்கள். முன்தேர்வு முடிந்த பிறகு அவர் கேள்வியை மாற்றச் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து.

அடுத்தது பெற்றோர் ஒப்புதல். அரைப்பக்கம் போதும், எளிய தமிழில்: உங்கள் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கு இன்னும் நன்றாகப் புரிய வகுப்பில் ஒரு முயற்சி செய்கிறேன், பிள்ளையின் பெயர் எங்கும் வராது, வேண்டாம் என்றால் சொல்லலாம், அதனால் மதிப்பெண்ணோ வேறு எதுவோ பாதிக்காது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் வாங்கினால் நிறைய பேர் ஒரே நேரத்தில் கிடைப்பார்கள். படிக்கத் தெரியாத அம்மாவிடம் தாளை நீட்டி "இங்க கைநாட்டு வைங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கும் பாடம் அதே மாதிரிதான் நடக்கும், கணக்கெடுப்பில் மட்டும் சேர்க்க மாட்டீர்கள்.

பெயர்களுக்குப் பதில் மா1, மா2 என்று குறியீடு கொடுத்து, எந்தக் குறியீடு யார் என்ற பட்டியலைத் தனியாக வீட்டிலோ பள்ளி பீரோவிலோ பூட்டி வையுங்கள். எமிஸ் எண், சாதி, ஆதார் எதுவும் அறிக்கையில் வேண்டாம். பிள்ளைகள் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. "மெல்லக் கற்போர்" என்று தலைப்புப் போட்ட அட்டைக்குக் கீழே ஒரு பிள்ளை நிற்கும் படம் ஊர் முழுக்கச் சுற்றுவதை அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். கை, குச்சிக்கட்டு, நோட்டு இவை தெரிந்தால் சான்றுக்குப் போதும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைத்தான் கேட்கிறது.

5. முன்தேர்வு: ஒவ்வொரு கணக்கும் ஒரு தவறைக் காட்டிக்கொடுக்க வேண்டும்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். புத்தகத்தின் பின்னால் இருக்கும் பயிற்சிக் கணக்குகளை அப்படியே தாளில் போட்டுவிட்டால், எத்தனை சரி எத்தனை தவறு என்று மட்டும்தான் தெரியும், ஏன் தவறு என்று தெரியாது.

ஒரு எடுத்துக்காட்டு. 62−27 என்று ஒரு கணக்குக் கொடுக்கிறீர்கள். பிள்ளை 45 என்று எழுதுகிறது. ஏழிலிருந்து இரண்டைக் கழித்து, ஆறிலிருந்து இரண்டைக் கழித்திருந்தாலும் 45 வரும். சரியாகக் கடன் வாங்கிப் பன்னிரண்டிலிருந்து ஏழைக் கழித்துவிட்டு, ஆறை ஐந்தாக்க மறந்திருந்தாலும் 45தான் வரும். இரண்டும் வேறு வேறு தவறு, இரண்டுக்கும் நீங்கள் செய்ய வேண்டியதும் வேறு. அந்தத் தாளைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஒன்றாம் இட எண்களின் வித்தியாசம் ஐந்தாக இருக்கும்போதெல்லாம் இப்படித்தான் ஆகும்.

63−27 என்று மாற்றுங்கள். தலைகீழாகக் கழித்த பிள்ளை 44 எழுதும், கடன் வாங்கியதை மறந்த பிள்ளை 46 எழுதும், சரியாகச் செய்தது 36. ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் தாள் பேச ஆரம்பித்துவிடுகிறது. அதேபோல 80−46: தலைகீழ் என்றால் 46, மறதி என்றால் 44, "பூஜ்யத்திலிருந்து ஒண்ணும் எடுக்க முடியாது, அதனால பூஜ்யம்" என்று நினைத்தால் 40. நடுவில் பூஜ்யம் வரும் 402−158ம் அவசியம் வேண்டும். அதில் 356 எழுதியவரும் 254 எழுதியவரும் ஒரே குழு இல்லை: முதலாமவர் எல்லா இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதை எடுத்திருக்கிறார், இரண்டாமவர் நூறாம் இடத்திலிருந்து கடன் வாங்கிப் பூஜ்யத்தைப் பத்தாக்கிவிட்டு, அதிலிருந்து ஒன்றாம் இடத்துக்குக் கொடுத்த பிறகு ஒன்பதாக்க மறந்திருக்கிறார்.

கடன் வாங்கத் தேவையில்லாத 57−23 மாதிரி இரண்டு கணக்கும் வையுங்கள். அதிலேயே தவறுகிற பிள்ளைக்குப் பிரச்சனை வேறு இடத்தில் இருக்கிறது. மொத்தம் பத்துக் கணக்கு போதும். வேறு பாடம் எடுத்தாலும் இதே யோசனைதான். ல, ள, ழ குழப்பம் என்றால் சொல்வதெழுதுதலில் வெறும் பட்டியல் கொடுக்காமல், உச்சரிப்பில் குழம்புகிறார்களா எழுத்தில் குழம்புகிறார்களா என்று பிரித்துக் காட்டும் சொற்களாகத் தேர்ந்தெடுங்கள்.

தாளை முதலில் பக்கத்து வகுப்பிலோ பக்கத்துப் பள்ளியிலோ மூன்று நான்கு பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கேள்வி புரியவில்லை, எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துவிடும். தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கணக்கையாவது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள், அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். பின்னால் அறிக்கையில் அதுதான் உயிர்.

6. வகுப்பில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஆர்வத்தில் குச்சிக்கட்டு, விளையாட்டு, காணொலி, பாட்டு, கூடுதல் வீட்டுப்பாடம் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறக்கினால், முன்னேற்றம் வந்தாலும் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஒன்றை எடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டு, கடன் வாங்கும்போது கட்டை நிஜமாகவே பிரிப்பது, பிரித்ததும் நோட்டில் அந்த எண்ணை அடித்து மாற்றி எழுதுவது. இந்த மூன்றும் ஒரே முறைதான். செலவு என்று பார்த்தால் ஒரு பாக்கெட் ரப்பர் பேண்டும் ஒரு பழைய துடைப்பமும்.

பாடவேளை முடிந்த அன்றே ஐந்து வரி எழுதுங்கள். சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் எல்லா நாளும் ஒரே மாதிரி "மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர்" என்றுதான் வரும். யார் கட்டைப் பிரிக்காமலே எண்ணினார்கள், யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தார்கள், நான் எந்த இடத்தில் பொறுமை இழந்து விடையை நானே சொன்னேன், இதெல்லாம் வர வேண்டும். ஆரம்பத்திலிருந்தே தேதியோடு நோட்டுப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தனிக் கோப்புறையில் போட்டு வையுங்கள். வருகையையும் அதே நோட்டில் குறியுங்கள், ஏனென்றால் 20 பாடவேளையில் 9 மட்டும் வந்த பிள்ளையின் விடைத்தாளை மற்றவர்களோடு சேர்த்துப் பேச முடியாது.

வாய்ப்பிருந்தால் ஒரு நாள் சக ஆசிரியரை வந்து பின்னால் உட்காரச் சொல்லுங்கள். உங்கள் பாடத்துக்கு மதிப்பெண் போட அல்ல, குறிப்பிட்ட மூன்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதித்தர. நாம் பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போது நடப்பது நமக்குத் தெரியாது. ஓராசிரியரோ இரண்டு ஆசிரியரோ உள்ள பள்ளி என்றால் ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிப் பார்வைக்கு வரும் நாளில் கேட்டுப் பாருங்கள்.

பாதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து மீதிப் பிள்ளைகளைச் சும்மா விட்டு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஒப்பீடு தேவைப்பட்டால் ஒரு குழுவுக்கு முதல் மூன்று வாரம், அடுத்த குழுவுக்கு அதன் பிறகு என்று முறை வைத்துக் கொடுங்கள், கடைசியில் எல்லோருக்கும் கிடைத்திருக்கும்.

7. பின்தேர்வு ஒன்று போதாது

அதே தாளைத் திருப்பிக் கொடுத்தால் சில பிள்ளைகள் விடையை ஞாபகத்தில் வைத்திருப்பார்கள். எண்களை மாற்றி, ஆனால் அதே வகைத் தவறுகளைப் பிடிக்கும் இணையான தாள் தயாரியுங்கள். 63−27க்குப் பதில் 74−38 என்று வைத்தால் சரி 36, தலைகீழ் 44, மறதி 46 என்று பழைய விடைகளே வந்துவிடும், ஆகவே அதுவும் வேண்டாம். 81−54 மாதிரி வையுங்கள்: சரி 27, தலைகீழ் 33, மறதி 37.

பொங்கலுக்குப் பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல், நாலைந்து கணக்கில் ஒரு சின்னத் தாள். குச்சியும் இல்லை, திருப்புதலும் இல்லை. அப்போது நிற்பதுதான் கற்றது. நான் படித்த அறிக்கைகளில் இது பெரும்பாலும் இருந்ததில்லை, பின்தேர்வு முடிந்த அன்றே ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. உங்கள் அறிக்கையில் இது இருந்தால் அதன் மதிப்பே வேறு.

8. கணக்குப் பார்க்கும்போது

14 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை மாறினாலே 7 விழுக்காடு மாறும். எனவே "21 விழுக்காடு முன்னேற்றம்" என்று எழுதுவதை விட "14 பேரில் 3 பேர்" என்று எழுதுவது நேர்மை. சராசரி போடுங்கள், ஆனால் அதோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் முன், பின், பொங்கலுக்குப் பின் என்று மூன்று கட்டம் உள்ள ஒரு அட்டவணையும், எந்த வகைத் தவறு எத்தனை குறைந்தது என்று இன்னொரு அட்டவணையும் வையுங்கள். டி சோதனை (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) வேண்டும் என்று வழிகாட்டி கேட்டால் எக்செல்லிலேயே செய்யலாம், அதே பிள்ளைகளை இரண்டு முறை அளந்திருப்பதால் இணை மாதிரிகளுக்கான வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதற்காக அலைய வேண்டாம்.

மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. ஒரு நாள் காய்ச்சலாலோ தூக்கத்தாலோ மிகக் குறைவாக எடுத்த பிள்ளை, நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகத்தான் எடுக்கும். முன்தேர்வோடு நிறுத்தாமல் நோட்டுச் சான்றையும் சேர்த்துப் பார்த்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் குறையும்.

முன்னேற்றம் வரவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். எண்ணைத் திருத்தாதீர்கள். குச்சிக்கட்டு இரண்டிலக்கத்துக்கு உதவியது, நடுவில் பூஜ்யம் வந்தால் உதவவில்லை என்பது அடுத்த ஆசிரியருக்கு மிகவும் தேவையான செய்தி. எல்லா அறிக்கையும் வெற்றி அறிக்கையாக இருந்தால் நம்மில் யாரும் யாரிடமிருந்தும் எதையும் கற்க முடியாது.

9. அறிக்கை, டைப்பிங், பைண்டிங்

பிரச்சனை, நோக்கம், கருதுகோள், மாதிரி, கருவி, செயல்முறை, பகுப்பாய்வு, முடிவு, பரிந்துரை என்ற வரிசை வழக்கமானது, உங்களுக்கு வந்த வடிவத்தில் வேறு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கோட்பாட்டு முன்னுரை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். செயல்முறைப் பகுதிதான் நீளமாக இருக்க வேண்டும், வேறொரு ஆசிரியர் அதைப் படித்துவிட்டுத் தன் வகுப்பில் செய்து பார்க்கும் அளவுக்கு. பின்னிணைப்பில் இரண்டு தேர்வுத்தாள்கள், பெயர் மறைத்த நோட்டுப் பக்கங்கள் நாலைந்து, அனுமதிக் கடிதம், ஒப்புதல் படிவத்தின் வெற்று நகல்.

முடிந்தால் நீங்களே தட்டச்சு செய்யுங்கள், கைப்பேசியில் பேசினாலே தமிழில் எழுத்தாகிறது, அதைத் திருத்திக்கொண்டால் போதும். டிடிபி கடையில் கொடுப்பதாக இருந்தால் முதல் நாளே யூனிகோடில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் உங்கள் கணினியில் திறக்கும்போது எழுத்தெல்லாம் வேறாகத் தெரியும், ஒரு வரி திருத்தவும் மறுபடி கடைக்கே ஓட வேண்டும். தட்டச்சுதான் பெரிய செலவு, பக்கக் கணக்கில் வாங்குவார்கள், அட்டவணைக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் சேர்த்து மூன்று பிரதிக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கெட்டி அட்டை, பொன்னெழுத்து எல்லாம் யாரும் கேட்காதவரை தேவையில்லை.

தயார் அறிக்கை விற்பவர்கள் இருக்கிறார்கள், தலைப்புச் சொன்னால் இரண்டு நாளில் முன்தேர்வு மதிப்பெண்ணோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். அதில் இருக்கும் பிள்ளைகள் யாருடைய வகுப்பிலும் இல்லாத பிள்ளைகள். வழிகாட்டி "மா7 ஏன் பின்தேர்வில் இறங்கினார்?" என்று ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது.

10. கொடுத்த பிறகு

அலுவலகத்தில் பிரதி கொடுக்கும்போது உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். கோப்பைப் பென்டிரைவிலும் உங்கள் மின்னஞ்சலிலும் வையுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேரும் குறுவள மையக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, அறிக்கையை வாசிக்காமல் அந்தப் பத்துக் கணக்குத் தாளை மட்டும் எல்லோரிடமும் கொடுத்து, எந்த விடை எந்தத் தவறைக் காட்டுகிறது என்று சொல்லுங்கள். மறுவாரமே யாராவது ஒருவர் தன் வகுப்பில் வைத்துப் பார்ப்பார்.

ஏப்ரல் கடைசியில், பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போகும் முன்னால், ஒரே ஒரு தாளில் யாருக்கு எந்தத் தவறு இன்னும் இருக்கிறது என்று எழுதி அடுத்த ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். நீள்வகுத்தல் வரும்போது ஒவ்வொரு படியிலும் கழிக்க வேண்டியிருக்கும், யாரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஜூன் மாதமே தெரிந்திருக்க வேண்டும்.